வில்லங்கம் ஏதுமில்லை

டெக்சாஸில் அன்று தத்தெடுக்க
நீதிபதி முன் நிற்க வேண்டியதில்லை.
கவுண்டி எழுத்தரிடம் ஒரு தாள், ஒன்றரை டாலர்.
கிரயப் பத்திரங்களைப் பதியும் புத்தகத்திலேயே
வந்த வரிசையில் படியெடுத்துவிடுவார்.

ஆகவே பக்கம் 211இல்
ஒரு பருத்திக் காடு கைமாறுகிறது.
213இல் ஒருவர் தன் பன்றிகளுக்கு
இடது காதில் வெட்டு, வலது காதில் துளை என்று
அடையாளம் பதிகிறார், படம் போட்டு.
நடுவில் லோரீனா.

மை காயுமுன் யாரோ மூடியிருக்கிறார்கள்.
பன்றியின் காதுகள் இடம்வலம் மாறி
அவள் பெயர்மேல் மங்கலாக ஒட்டியிருக்கின்றன.

“நான்கு வயது மதிக்கத்தக்க பெண்.”
மதிக்கத்தக்கது என்று அந்தப் பக்கம் சொல்வது
வயதை மட்டும்தான்.

யோசெஃப் ஹவ்ரானெக், விவசாயி,
மனைவி ஃபிலொமேனாவின் சம்மதத்தோடு
இச்சிறுமியைச் சட்டப்படியான வாரிசாக...
வாரிசு என்று ஏழு இடத்தில் வருகிறது, எண்ணினேன்.
மகள் ஒரே இடத்தில்:
டெலிலா பர்ச் என்பவளின் மகள்.
அந்த வரியும்
விட்டுக்கொடுப்பதற்காக எழுதிய வரி.

டெலிலா, இருபத்துமூன்று, துணி வெளுப்பவள்.
“இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை,
வில்லங்கம் ஏதுமில்லை.”
கீழே ஒரு பெருக்கல் குறி.

புத்தகத்தில் இருப்பது எழுத்தர் போட்ட பெருக்கல்,
அளவெடுத்தது போல.
அசலைத் தகரப் பெட்டியில் தேட மூன்று வியாழன் ஆயிற்று
(நான் வியாழக்கிழமைகளில் மட்டும் வருகிறேன்,
துருப்பிடித்த குண்டூசிகளை உருவுவதற்கு).
அதில் ஒரு கால் நீளம்.
ஓரத்தைத் தாண்டி, தாளை விட்டு இறங்கப் பார்க்கிறது.

தற்குறி. எழுதத் தெரியாதவரை ஏசும் சொல்.
பிரித்தால், தன் குறி.
அந்தத் தாளில் அவளுடையது என்று மிஞ்சியது.

அவ்வளவுதான் என்று கட்டி வைத்தேன்.

பிறகு வேறொரு புத்தகம், 1897.
வேறு எழுத்தர், சாய்வான கை, கஞ்சத்தனமாய் மை.
லோரீனா கொபெட்ஸ்கி, விதவை,
அறுபது ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு கோவேறு கழுதை,
தனக்குப் பின் எல்லாவற்றுக்கும்
வாரிசாகத் தத்தெடுத்துக்கொள்வது:
டெலிலா பர்ச், துணி வெளுப்பவள்.

உறவு என்று கேட்டிருக்கிறார் எழுத்தர்.
இல்லை என்று எழுதியிருக்கிறார்.

யார் சொன்ன இல்லை?
முந்தைய தாளின்படி அதுதான் உண்மை.
லோரீனாவுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்,
இருபது வருடம் சலவைக்குப் போட்ட வீட்டில்
யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
அல்லது இருவரும் மேசைக்கு இந்தப் பக்கம்
ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றிருக்கலாம்.
செத்தவன் தம்பிகள் நிலத்துக்கு வந்திருப்பார்கள்,
அவர்களுக்குப் போகாதிருக்க யாராவது வேண்டும்,
அதுவும் நடப்பதுதான்.
பத்திரம் காரணம் கேட்காது.
கட்டணம் கேட்கும். கட்டியிருக்கிறார்கள்.

அடியில், “ஏற்றுக்கொண்டேன்.”
அதற்கும் அடியில் பெருக்கல் குறி.
இரண்டு அசலையும் ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தேன்,
செய்யக்கூடாது, செய்தேன்.
அதே கால் நீளம்.
இந்த முறை தாளுக்குள்ளேயே நிற்கிறது.

மாலையில் அட்டவணையில் ஏற்ற உட்கார்ந்தேன்.
தத்தெடுத்தவர்: லோரீனா. வயது: இருபத்தெட்டு.
குழந்தையின் பெயர்: டெலிலா.
வயதை அடித்ததும் திரை சிவந்தது.
குழந்தையின் வயதைச் சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன்.
நாற்பத்தேழு,
மதிக்கத்தக்க.