நிலை என்றொரு கோப்பு

காக்கி புக்கிட், ஆறாவது மாடி.
குளிரூட்டி எட்டு மணிக்கே நின்றுவிட்டது.
மேசையில் ஒரு பலகை, அதில் இரண்டு சில்லுகள்.
பெரியதில் லினக்ஸ்.
சின்னதுக்கு ஒரே வேலை,
பாரந்தூக்கியின் கயிறு ஆடாமல் பார்த்துக்கொள்வது,
மில்லிநொடிக்கு ஒருமுறை.
வேறெதுவும் அதற்குத் தெரியாது.

அதை எழுப்புவதும் உறங்கவைப்பதும் டிரைவரின் பொறுப்பு.
இருந்தும் யாரோ
வெளியே ஒரு கோப்பைத் திறந்துவைத்துவிட்டார்கள்.
நிலை என்று பெயர்.
அதில் நில் என்று எழுதினால் நிற்கும்.
எழுதுவது எவரென்று கேட்காது, ரூட்டாக இருந்தால் போதும்.
(யாரோ என்ன யாரோ.
நான்தான்.)

செவ்வாய்க்கிழமை துவாஸில்
இத்ரீஸின் ஸ்கிரிப்ட் முகவரி மாறிப் போய்
அந்த ஒரு சொல்லை எழுதியது.
சின்னது நின்றது.
டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை.
அது இன்னும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது
பூட்டிய வீட்டுக்கு.
நாற்பதடிப் பெட்டி கடல்காற்றில்
இடமும் வலமும், இடமும் வலமும்,
பிரேக் பிடிக்கும்வரை பதினோரு நொடி.
கீழே ஒருவரும் இல்லை.
இல்லைதானே என்று மூன்று முறை கேட்டேன்.

இன்றிரவு என் திருத்தம் பதினான்கு வரி.
ஒரு கொடி. டிரைவர் அதை உயர்த்திவிட்டால்
கோப்பைப் படிக்கலாம், எழுத முடியாது.
நிறுத்துவதென்றால் இனி முறைப்படிதான்:
கொடுத்த நினைவகத்தைத் திரும்ப வாங்கி,
குறுக்கீடுகளை மூடி,
கடிகாரத்தை நிறுத்தி,
மின்சாரம் கடைசியில்.

"மாட்டிக்கிட்டா எப்படிக்கா எழுப்புறது?"
நியாயமான கேள்வி. என்னிடம் பாதிப் பதில்தான்.
பலகையையே அணைத்துப் போடு என்றேன்.
நாற்பது நொடி ஆகுமே என்றான் இத்ரீஸ்.
ஆகட்டும் என்று சொன்ன குரல்
எனக்கே பிடிக்கவில்லை.

பதினொன்றே கால். ஏற்றிப் பார்க்கிறேன்.
படித்தேன்: ஓடுகிறது.
எழுதினேன், அதிகாரம் அத்தனையும் கையில் வைத்துக்கொண்டு: நில்.
அனுமதி இல்லை.
இன்னொரு முறை எழுதினேன்,
பூட்டிய பிறகும் கதவை இழுத்துப் பார்ப்பதுபோல.
அனுமதி இல்லை.

கடைசி ரயில். ஓட்டுநர் கிடையாது.
முதல் பெட்டியின் முன்கண்ணாடியோரம் நிற்கிறேன்.
சுரங்கம் முழுக்கத் தெரிகிறது,
விளக்கு விளக்காக வந்து போகிறது.
விசைகள் எல்லாம் பூட்டிய மூடிக்கு அடியில்.
மூடியின்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன
கோப்பி ஓ பொட்டலம், பாதி மிச்சம்,
வளைவுகளில் ஆடுகிறது.

பெடோக் ரிசர்வாயர் தாண்டும்போது
இத்ரீஸுக்குச் செய்தி அனுப்பினேன்:
அந்த நாற்பது நொடி,
காலையில் உட்கார்ந்து பார்ப்போம்.