மூடி

இரவு ஷிஃப்டில் போஹுமில்
மூடியைத் திருக மறந்துவிட்டான்.
காலையில் டப்பாவுக்குள்
வெள்ளைப் பரல்கள் வியர்த்து
ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.
பார்துபிட்சேயின் மழைக்காற்றை
விடிய விடியக் குடித்திருக்கிறது
டொலுயீன் சல்ஃபோனிக் அமிலம்.

"சர்க்கரை மாதிரி, சாது" என்று சொன்னவன்தான்.
ஸ்தென்கா ஒன்றும் பேசவில்லை.
கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே
விரலகல வடுவைக் காட்டினாள்:
கால்மணி நேரம் குழாயடியில் நின்ற மணிக்கட்டு.

மேசையில் சிந்தியதன்மேல் சோடா தூவினாள்.
சீறி, அடங்கியது.

பிறகு குடுவைக்குள் ஒரே ஒரு கரண்டி.
மூக்கைச் சுளிக்கவைக்கும் ஆல்கஹாலும் காடியும்
மெல்லப் பேரிக்காயாய் மணக்கின்றன.
பக்கக் குழாயில் சொட்டுகிறது,
பிரிந்து வந்த தண்ணீர்.

இத்தனை தாகக்காரனின் கண்ணெதிரே
தண்ணீரை வடித்தெடுக்கிறோம்.

போஹுமில் மூடியைத் திருகுகிறான்.
போய்விட்டு வந்து
இன்னொரு தரம்.