நாலு வாஷர்

மாதவரம் லாரி நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாவது ஷெட்.
பெயர்ப்பலகையில் ‘பாடி’ மட்டும் மிச்சம்,
மீதியைப் புயல் கொண்டுபோனது.
வழி தெரியாதவர்கள் ஊர்ப்பெயரென்று நினைத்து
மேம்பாலம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.
கையில் இருக்கும் சுத்தியலால் காட்டி அனுப்புகிறேன்.

பெர்னத்தம்மா வந்தது ஒரு சித்திரை மதியம்.
பதினாலு அடி சேஸிஸ், கேபின் மட்டும் வைத்த மொட்டை வண்டி
எலும்பு தெரிய வாசலில் நின்றது.
காசிமேட்டில் ஏற்றி ஓசூரில் இறக்க வேண்டும்.
“இரும்பா, அலுமினியமா?
நீயே சொல்லு.
உன் லாபத்தைக் கழிச்சிட்டுச் சொல்லு.”

சொன்னேன்.
இரும்பு அடித்தால் வளையும், திருப்பி அடித்தால் நிமிரும்.
நடுராத்திரி கிருஷ்ணகிரி மேட்டில் விரிசல் விட்டாலும்
டீக்கடைக்குப் பக்கத்தில் ஒருவன்
கறுப்புக் கண்ணாடியும் ராடுமாய் உட்கார்ந்திருப்பான்.
ஆனால் ஐஸ் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்தால்
இரண்டாவது மழைக்குள் மூலையெல்லாம் அப்பளம்.
அலுமினியம் நானூறு கிலோ குறைவு.
போகும்போதும் நானூறு, காலியாகத் திரும்பும்போதும் நானூறு.
விலை கேட்டால் மட்டும் கொஞ்சம் உட்கார வேண்டும்.
உடைந்தால், ஆர்கான் சிலிண்டர் இருக்கிற இடம்வரை
கட்டி இழுத்துத்தான் வரவேண்டும்.

அவர் உட்காரவில்லை.
விரலை மடக்கி ஒருமுறை, விரித்து ஒருமுறை:
“நானூறுன்னா பதிமூணு பெட்டி வஞ்சிரம்.
அலுமினியமே போடு.”

இருபத்தாறு நாள் வேலை.
இஸ்மத் டார்ச் பிடித்தால் பேச மாட்டான்.
இரும்பு சிவக்கும், மஞ்சளாகும், சொல்லிவிட்டுத்தான் உருகும்.
இது அப்படியில்லை.
வெள்ளையாகவே இருக்கும், வெள்ளையாகவே இருக்கும்,
அடுத்த நொடி ஓட்டை.
“முகத்துல காட்டாது” என்றான் ஒருநாள்
பீடி பற்றவைத்துக்கொண்டே. “அவ்ளோதான்.”

கடைசிச் சனிக்கிழமை, இரவு பத்தரை.
இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியக் குறுக்குவிட்டம்.
இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது.
நடுவில் ரப்பர் பட்டை, போல்ட்டுக்கு நைலான் வாஷர்.
உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால்
அலுமினியம்தான் கரையும்.
அறுபது போல்ட்.
ஐம்பத்தாறு வாஷர்.
பாரிமுனைக் கடை இனி திங்கள்தான்.
காலைப் பூசை முடிந்ததும்
பங்குச்சாமியார் வண்டியை மந்திரிக்க வருகிறார்.
நாலுதானே.
வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே,
நேராகவே முறுக்கினேன்.
அதன்மேல் பெயின்ட்.
மறுநாள் தீர்த்தம் தெளித்தபோது
ஒரு துளி சரியாக அங்கே விழுந்ததை
நான் மட்டும் பார்த்தேன்.

பத்து மாதம்.
ஷெட் மூலையில் என் சொந்த வேன்
நாலு வருடமாய்க் கதவில்லாமல் கிடக்கிறது.
ஊருக்கெல்லாம் வண்டி கட்டுகிறவனின் வண்டி.
அதன் அடியில் படுத்திருந்தபோது
அவருடைய செருப்புதான் முதலில் தெரிந்தது.

வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே
பெயின்ட் கொப்புளித்திருந்தது.
நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி பொடி,
அதற்கும் கீழே ஒரு மயிரிழை விரிசல்.
“கடல் காத்தும்மா” என்றது என் வாய்.

அவர் குனிந்து
மற்ற போல்ட்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார்.
எல்லாவற்றிலும் கறுப்பாக ஒரு வளையம்.
இங்கே நாலில் இல்லை.
செவுளைத் தூக்கிப் பார்த்து
எத்தனை நாள் மீன் என்று சொல்கிறவர்.
முகம் சிவக்கவில்லை. குரலும் உயரவில்லை.

“அந்த வளையம் ஒண்ணு என்னா வெல?”
“மூணு ரூபா.”
பன்னிரண்டு ரூபாயை எண்ணி
மட்காடின்மேல் வைத்தார்.
“புதன்கிழமை லோடு இருக்கு.”
ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கமாக நடந்து போனார்.

இஸ்மத் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான்.
சில்லறையைப் பார்த்தான், போல்ட்டைப் பார்த்தான்.
கடைசியாக என்னைப் பார்த்து,
“சிவந்திருக்கு” என்றான்.