ஆறாம் நாளிலிருந்து

விடுப்பு ஐந்து நாள்.
விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
எழுபது எழுத்து இடம் கொடுத்திருந்தார்கள்.
'மகள்' என்று எழுதினேன்.
மிச்சம் அறுபத்தேழும் காலியாகவே போயிற்று.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் கழிந்தது.
ஒரு நாள் இன்சூரன்ஸ் மேசையின் முன்னால்.
ஐந்தாவது ஞாயிறு,
அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் காலை, சோமனூர் வீட்டில்
கவிழ்த்த இட்லிக் குண்டா மேல் லேப்டாப்பை ஏற்றி
நின்றபடியே வேலை தொடங்கினேன்.
வலது தோளில் இரண்டு கிலோ எண்ணூறு கிராம்.
இடக்கை மட்டும் எழுதும் நிரலில்
கமாக்கள் ஒன்றும் தம் இடத்தில் விழுவதில்லை.

தாரணி ஒருக்களித்தே படுத்திருக்கிறாள்.
அவள் பள்ளிக்கூடத்தில்
விடுப்பு என்றால் ராஜினாமா என்று பொருள்.
ஜூனில் வந்து பாருங்கள் டீச்சர் என்றார்களாம்,
வந்து எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

பாலுக்கும் ஈரத்துக்கும் ஓர் அட்டவணை போட்டேன்.
நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், நிறம்.
எனக்குத் தெரிந்தது அதுதான்.
ஒன்பதாம் நாள் இரவு
நான் வைக்காத ஒரு பத்தி அதில் முளைத்திருந்தது.
2.40: அழுதாள். நானும்.
2.55: நிறுத்தினாள்.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
அந்த நேரம் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
யாருடைய சம்பளப் பட்டியலிலோ
பதினோரு ரூபாய் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சந்தில் சென்னியப்பன் தறிக்குடோன்.
பன்னிரண்டு தறி, ராவும் பகலும்
சடக் சடக் சடக்.
உங்கள் பக்கம் நல்ல மழையா என்று
மீட்டிங் நடுவில் அபிஜித் கேட்டார், பெங்களூரிலிருந்து.
ஆமாம் என்றுவிட்டேன்.
மழையைக் கண்டு நாற்பது நாள் ஆகிறது.
பஞ்சுத் தூசி மட்டும்
கொடியில் காயும் துணிநாப்கின் மேல் பெய்கிறது.

பதினாறாம் நாள், மதியம் மூன்று மணி.
வாடிக்கையாளருக்குத் திரையைக் காட்டி
இந்தப் பொத்தானை அழுத்தினால், என்று
நான் சொல்லும்போது கரண்டு போயிற்று.
மோடத்தின் விளக்குகள் அணைந்தன.
திரையில் என் முகம் வாய் திறந்தபடி நின்றது.
பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நின்றன.

கண் விழித்துவிட்டாள்.
அப்படி ஒரு நிசப்தத்தை
அவள் வயிற்றுக்குள்ளேயே கேட்டதில்லை.
உதடு கோணியது, முகம் செவந்தது,
பிறகு வீடே அவள் தொண்டைக்குள் போயிற்று.

போனில் டேட்டா இருந்தது.
எடுக்கவில்லை.
தாலாட்டு எதுவும் முழுசாகத் தெரியாது எனக்கு.
நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தேன்.
சடக்.
அழுகை கொஞ்சம் தடுக்கியது.
சடக் சடக்.
சமையலறைக்கும் கொல்லைக்குமாக நடந்து
பன்னிரண்டு தறியை ஒரு வாயால் ஓட்டினேன்.
எச்சில் வற்றியது. நூல் அறுந்தால் விட்டு
மறுபடி முடிந்து ஓட்டினேன்.

வேர்வை ஆற்ற வெளியே வந்த மாராத்தாள் அக்கா
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"ஏனுங் தம்பி,
கரண்டு இல்லாம உங்கூட்டுத் தறி மட்டும்
எப்பிடியுங் ஓடுது?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம்.
அடிவயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு
தாரணி சிரித்தாள்,
வலியில் கண் சுருங்கச் சிரித்தாள்.
"சிரிக்க வெக்காதீங்க, தையல் பிச்சுக்கும்.
நிறுத்தாதீங்க. நிறுத்துனா எந்திரிச்சுக்குவா."

நாற்பது நிமிடம் கழித்துக் கரண்டு வந்தது.
தறிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.
நான் ஓட்டிக்கொண்டிருந்ததை
எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

பதினேழு செய்திகள்.
கடைசியில் அபிஜித்:
மழை விட்டதா?

இன்னும் பதில் போடவில்லை.
வலது கை அவள் கழுத்தடியில் மரத்துக் கிடக்கிறது,
இடது கையில் ஈரத்துணி.
அட்டவணையில் மூன்று மணிக்கு எதிரே
எந்தப் பக்கம் என்ற கட்டம் காலி.
தாரணிதான் நிரப்பினாள்:
அப்பா.