சரிபாதி

விடியுமுன் அடேல்மோ கதவைத் தட்டினான்,
பிரிந்தபின் முதன்முறையாக.
"போர்ஃபியாதா முங்கிக் கிடக்கிறாள், நோல்ஃபா.
எஞ்சினுக்குக் கழுத்துவரை தண்ணீர்."

பிடிவாதக்காரி என்று பொருள் அந்தப் பெயருக்கு.
யாரை நினைத்து வைத்தான் என்று
நான் கேட்டதில்லை.
வீடு எனக்கு, லாரி அவனுக்கு,
படகு மட்டும் சரிபாதி,
காஸ்த்ரோ நோட்டரியின் முத்திரையோடு.

சிலோயே தீவில் மழை ஒரு செய்தியல்ல.
கடல் வற்றியிருந்தது.
மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு
சேற்றில் சாய்ந்திருந்தாள்.
அலை திரும்ப ஆறு மணி நேரம்.
வாளி மாற்றி வாளி இறைத்தோம்,
டீசலும் உப்பும் சிப்பிச் சேறுமாய் ஒரு கறுப்பு.
பேட்டரி மேல்தட்டில் நனையாமல் பிழைத்திருந்தது.
அவன் சாவியை நோக்கிக் கை நீட்டினான்.

"தொடாதே.
சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுழற்றினால்
ராடு வளைந்துவிடும்.
தண்ணீர் நசுங்காது, அடேல்மோ.
அதற்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது."
சொல்லி முடித்தபின்
இருவரும் சற்று நேரம்
வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அடியில் திருகைக் கழற்றினால்
எண்ணெய் பால் ஊற்றிய காப்பியாய் வந்தது.
ஐந்து லிட்டர் ஊற்றிய இடத்திலிருந்து ஒன்பது.
மூன்று இன்ஜெக்டரில் ஒன்று இறுகிக்கொண்டது.
அவன் திட்ட, நான் திருக,
நான் திட்ட, அவன் தட்ட,
பழகிய தாளம் தானாகவே வந்து உட்கார்ந்தது.

நல்ல தண்ணீர், உப்பு போகும்வரை.
பிறகு டீசல்.
பிறகு முன்சக்கரத்தில் ஸ்பானரை மாட்டி
கையாலேயே சுற்றினான், மெல்ல, மெல்ல.
துளைகளிலிருந்து பழுப்புநீர் பீறி
அவன் மீசையில் அடித்தது.
நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான்.

ஸ்டார்டர் மோட்டாரைக் கழுவி
என் அடுப்பின் ரொட்டி அறையில் வைத்தேன்,
ரொட்டி வேகாத சூட்டில், கதவை ஒருக்களித்து.
வீடெல்லாம் வார்னிஷ் வாடை.

அவன் எண்ணெய் வாங்கப் போன நேரம்
படகின் அடிக்குழிக்குள் தோள்வரை கைவிட்டேன்.
பம்பில் குறையில்லை.
மிதவைதான் எழவில்லை.
அதன் கீலில் இரண்டு சுற்றுச் சுற்றி
இறுகிக் கிடந்தது
என் கூந்தல் கட்டும் ரப்பர் வளையம்.
ஊதா நிறம். ஜனவரியில் தொலைத்தது.
அறுத்து எடுத்து மிதவையை விரலால் உயர்த்தினேன்,
உடனே பம்பு உறுமியது,
இத்தனை நாளும் தயாராகவே இருந்ததுபோல.
வளையத்தைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

திரும்பி வந்தவன்
கேட்காமலே சொன்னான்:
"தண்டு நுழையும் இடத்தில்தான் கசிவு.
போன மாதமே இறுக்கச் சொன்னாய்.
என் தப்பு."

"ம்" என்றேன்.
அந்த ஒற்றை எழுத்தை
பதினொரு வருடம் அவன் வாயிலிருந்து கேட்டு
வெறுத்திருக்கிறேன்.

அலை வந்து அவளைத் தூக்கியது.
இருமினாள். நின்றாள்.
வெள்ளைப் புகையைத் துப்பி மறுபடி இருமினாள்.
நான்காம் முறை பிடித்துக்கொண்டாள்.
பத்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெயை வடித்தோம்,
மறுபடி ஊற்றி மறுபடி வடித்தோம்.
மூன்றாவது எண்ணெய்
அளவுக்கோலில் தேன் நிறத்திலேயே நின்றது.
இருவரும் அதைத் தொட்டு
விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தோம்,
நம்பாதவர்கள்போல.

பதினைந்து லிட்டர் எண்ணெய், ஒரு ஃபில்டர்,
மூன்று செம்பு வாஷர்.
ரசீதின் முதுகில் கணக்கெழுதி
இரண்டால் வகுத்தான்.
நான் முழுப் பணத்தையும் வைத்தேன்.

"ஏன்?"
"சில்லறை இல்லை."

அடுத்த வாரம் அவன் முறை.
கரையில் இறங்கியபின் திரும்பிக் கத்தினேன்:
கிளம்புமுன் மிதவையை ஒருதரம்
தூக்கிப் பார்த்துக்கொள்.
காதில் கைவைத்து
என்ன என்ன என்றான்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.