இரண்டு பத்துக்கு

கார்மேலரம் கேட் இந்த நேரத்தில் விழாது.
சேலம் வண்டியெல்லாம் போயாயிற்று.
சிமெண்டு வெள்ளிக்கிழமை,
கார் ஏற்றிய கூண்டுகள் எப்போதாவது.
அதெல்லாம் தூக்கத்திலேயே தெரியும் எனக்கு.

இது வேறு.
ஓர் எஞ்சின், ஒரு கார்டு பெட்டி,
நடுவே நீலத் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று,
வயிறு தண்டவாளத்தில் உரசிவிடும்போலத் தாழ்ந்து.

சக்கரங்களை எண்ணினேன்.
இருபத்தெட்டில் தவறி
மறுபடி முதலிலிருந்து.
அவ்வளவு மெதுவாய் வந்தது.

கூடவே இரண்டு பேர் நடந்தார்கள்,
அச்சுகளின்மேல் டார்ச் அடித்தபடி,
ஸ்கேனுக்கு யாரையோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.
ஒருவன் அண்ணாந்தான்.
"அக்கா, இது எந்த ஊரு?"

வாய்விட்டு எண்ணியிருக்கிறேன் போல.

மூன்றாம் மாடியிலிருந்து ஊர்ப்பெயரைக் கத்தினேன்.
நாய்கள் எழுந்தன.
கீழ்வீட்டு ஜெசிந்தா விளக்கைப் போட்டு
கன்னடத்தில் ஏதோ திட்டினாள்.
அவன் கையசைத்துவிட்டு நகர்ந்தான்.
வேப்பமரம் தாண்டியபின்
இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"முப்பத்திரெண்டுக்கா!"

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
2.10. ஓசூர் பக்கம். சக்கரம் 32.
சரக்கு:
கேட்க மறந்துவிட்டேன்.