பெத்தணன் மற்றும் பிறர்

நானூற்றுப் பன்னிரண்டு சைட்டேஷன்.
துறைத்தலைவர் அதைச் சொல்லும்போது
கொய்யா கிலோ என்ன விலை என்பதைப் போலச் சொல்வார்.
ஆய்வுக்குழு வருகிற நாளில்
என் அறைக்கு ஒரு பூந்தொட்டி வரும்.
குழு போனதும் தொட்டியும் போய்விடும்.

அதில் முந்நூறுக்கு மேல் கூட்டத்தோடு கூட்டம்.
பாறைக்குப் பின்னால் அலை தேய்வதைப்
பலரும் ஆராய்ந்துள்ளனர்,
பார்க்க: நான்கு முதல் பத்தொன்பது வரை.
நான் பதினொன்று.
மாட்டுத்தாவணியில் ஏறி மேலூர் வரைக்கும்
கம்பியைப் பிடித்துத் தொங்கும் பதினொன்று.
யாரும் முகம் பார்த்ததில்லை.
இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள்,
அதுவும் கணக்கில் சேரும்.
ஆற்றுக்குள் லட்சம் பேர் நிற்கையில்
அழைப்புகள் அறுவது பற்றி
ஐந்து சித்திரை அலைந்து எழுதிய கட்டுரைக்கு
மூன்று.
இரண்டு நானே போட்டது.

பெயரில்தான் கோளாறு.
பெ. தவமணி என்று அனுப்பினேன்.
படிவத்துக்கு ஒற்றை எழுத்து போதவில்லை,
விரித்து எழுதச் சொன்னது.
எழுதினேன்.
குடும்பப் பெயர் எது என்று கேட்டது.
எங்களுக்கு ஏது?
அதுவே ஒன்றைத் தேர்ந்துகொண்டது.
அன்றிலிருந்து சியோலுக்கும் சாவோ பாலோவுக்கும்
நான் பெத்தணன் மற்றும் பிறர்.

பெத்தணன்,
கீழமாரட் வீதி வெங்காய மண்டியில்
மூட்டை இறக்குகிறவர்.
எழுத்துக் கூட்டி பஸ் போர்டு மட்டும் வாசிப்பார்.

தொண்ணூற்றொன்பது, மே மாதம்.
யானைமலையைச் சுற்றிப்
பத்து மீட்டருக்கு ஓர் அளவு எடுக்க வேண்டும்.
கல்லூரி ஜீப் கிடைக்கவில்லை.
ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் பக்கமாக
நான் ஆன்டெனாவோடு முன்னால் போக,
பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைச்
சும்மாட்டில் வைத்து அப்பா பின்னால் வந்தார்.
டவர் வரப்போகுதா என்று கேட்டவர்களுக்கெல்லாம்
வந்துக்கிட்டே இருக்கு என்றார்.
என்னத்தா தேடுறோம் என்று என்னைக் கேட்டார்.
நிழல் என்றேன்.
மலை அலையை மறைக்கிறதல்லவா, அந்த நிழல்.
உச்சிவெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு
நல்ல நாள் பாத்த போ என்றார்.

கட்டுரையின் கடைசியில்
நிதி தந்த வாரியத்துக்கு நன்றி,
கருவி இரவல் தந்த ஆய்வகத்துக்கு நன்றி,
ஜீப் தராத முதல்வருக்கும் நன்றி.
விட்டுப்போயிற்று என்று சொல்ல மாட்டேன்.
கூச்சம்.

போன வருடம் நார்வேயிலிருந்து ஒரு மாணவி,
இங்ரிட், கடிதம் எழுதினாள்.
உங்கள் வரைபடத்தில்
நாற்பத்தொன்றாம் புள்ளி முதல் நாற்பத்தேழு வரை
நாலு டெசிபல் கூடுதலாக விழுகிறது,
உங்கள் சூத்திரம் அதை விளக்கவில்லை,
அந்த இடத்தில் பாறையில் பிளவு உண்டா?

இத்தனை வருடத்தில்
அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்த முதல் ஆள்.
பரணிலிருந்து நோட்டை இறக்கினேன்.
பென்சிலில் இருந்தது:
41. மணி 12.20. கருவி கொதிக்கிறது. அப்பா வெயிலை மறைத்து நிற்கிறார்.
48. மேகம். அப்பா மோர் குடிக்கப் போனார்.

பதில் எழுதினேன்.
பிளவு இல்லை, ஓர் ஆள்.
ஐந்தடி நாலங்குலம், தோளில் ஈரத்துண்டு,
ஆன்டெனாவுக்கு ஒரு முழம் முன்னால்.
என் பிழை, திருத்திக்கொள்ளவும்.

அவர் பெயர் தெரிந்தால்
நன்றியில் சேர்க்கிறேன் என்றாள்.
ஏற்கெனவே எழுதிவிட்டாய் அம்மா,
உன் எட்டாவது அடிக்குறிப்பைப் பார்
என்று அடித்து,
அழித்து,
மறுபடி அடித்து அனுப்பினேன்.

ஆசிரியர் பெயரைத் திருத்தும் படிவத்தை
நூலகர் மூன்று முறை கொடுத்துவிட்டார்.
என் அறைக்கு மேற்கே ஜன்னல்,
நாலு மணிக்குத் திரையில் எதுவும் தெரியாது.
மூன்றையும் சேர்த்து மடித்து
கண்ணாடி இடுக்கில் செருகியிருக்கிறேன்.